வட்டிக்காரருக்கு அஞ்சியவனின் அகதி மனு

பர்கூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலையில் கிருஷ்ணகிரியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்து, கைப்பேசியில் மகன் அனுப்பியிருந்த உத்தரவை அச்செடுத்து மேசையில் வைத்தார். ஆஸ்திரேலியாவில் அகதிகளுக்கான பாதுகாப்பு விசா கேட்டு மகன் கொடுத்த மனு மறுக்கப்பட்டிருந்தது. “வக்கீலய்யா, என் மகன் பொய் சொன்னான்னு எழுதியிருக்காங்களா?” என்பது ஒன்றே அவருடைய கேள்வி. அப்படி எழுதவில்லை. கடன் வாங்கியதையும் மிரட்டப்பட்டதையும் அதிகாரி பெரும்பாலும் நம்பியிருந்தார்; நம்பிய பிறகுதான் மறுத்திருந்தார். (குடும்பத்தின் சம்மதத்துடன் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கடன் கதை நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதன்று. மாங்கூழ் ஆலைகள் விலையைக் குறைத்த ஒரு பருவத்தில் மகன் 4 லட்சம் ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கினான். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 3,80,000. மாதம் 20,000 வீதம் ஓராண்டில் வட்டி மட்டும் 2,40,000 ஆகும். ஈடாகத் தொகை நிரப்பாத காசோலைகள், கையெழுத்திட்ட வெற்றுப் புரோநோட்டு, தோப்பின் மீது ஒரு கிரய ஒப்பந்தம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டார்கள். தவணை தவறியதும் வீட்டு வாசலில் வண்டிகள் நின்றன. ஒரு நாள் பையனின் கை முறிந்தது. ஓசூருக்குப் போய் மறைந்திருந்தவனை மூன்றே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். அதன்பின் மாணவர் விசாவில் கடல் கடந்தான்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களை மட்டுமே ஏற்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவின் உறுப்பினராக இருத்தல், அரசியல் கருத்து. ஒருவன் அடிபடுவான் என்பது போதாது. இவற்றில் ஒன்றுக்காக அடிபடுவான் என்று காட்ட வேண்டும். வட்டிக்காரர் அடிப்பது பணத்துக்காக. சாதிப் பகை ஏதும் உண்டா என்று பெரியவரிடம் கேட்டேன். “ரெண்டு பேரும் ஒரே சாதிதானுங்க, சுத்தி வளைச்சா பங்காளி முறை வரும்” என்றார். அந்தப் பதிலோடு அந்த வழி அடைபட்டது. வட்டிக்காரரை ஆளுங்கட்சிக்காரர் என்று எழுதி இதை அரசியல் பகையாக்கிவிடலாம் என அங்கே யாரோ பையனுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பொய் என்பது ஒருபுறமிருக்க, முதல் மனுவில் இல்லாத கூற்றைத் தக்க விளக்கமின்றி மறுபரிசீலனையில் கொண்டுவந்தால், அதை வைத்தே மனுதாரருக்குப் பாதகமாக முடிவு செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஏற்கெனவே, சென்று இரண்டு ஆண்டுகள் கழித்து மனுச் செய்ததே அவனுக்கு எதிராக எழுதப்பட்டிருந்தது.

ஆனால் ஆஸ்திரேலியச் சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. அகதி என்ற வரையறைக்குள் வராதவரும், திருப்பி அனுப்பினால் உயிர்ப்பறிப்பு, சித்திரவதை, கொடூரமான அல்லது இழிவான நடத்தை போன்ற கடும் தீங்கு நேரும் உண்மையான அபாயம் இருந்தால் பாதுகாப்புக் கேட்கலாம். 2012 முதல் இந்த ஏற்பாடு உண்டு. இதற்கு ஐந்து காரணங்களில் ஒன்று தேவையில்லை. சொந்த நாட்டின் காவல்துறை அந்த அபாயத்தை நீக்கும் அளவுக்குப் பாதுகாக்குமா, வேறு ஊரில் குடியேறி வாழ்வது நியாயமாக எதிர்பார்க்கத்தக்கதா என்பவையே இங்கே கேள்விகள். அதிகாரி இதை அரைப்பக்கத்தில் முடித்திருந்தார்: தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போகலாம்.

சட்டம் இருப்பதும் காவல் நிலையத்தில் அது வேலை செய்வதும் ஒன்றல்ல என்பது நீதிமன்ற வராந்தாவில் இரண்டு நாள் நின்றவருக்கும் தெரியும். 2017இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்தபோதும் அந்தச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. எனினும் பொதுநிலையைச் சொல்லி ஒரு தனிமனிதனின் வழக்கை வெல்ல முடியாது. இவன் புகார் கொடுத்தானா, என்ன நடந்தது என்பதற்குத் தாள் வேண்டும். கோயம்புத்தூர் வரை அந்த வட்டிக்காரரின் கை நீளும் என்று மனச்சாட்சியோடு சொல்ல என்னாலும் முடியவில்லை. காசோலை மோசடி வழக்கின் சம்மன் எந்த ஊருக்கும் வரும். ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான சட்ட நடைமுறை, கொடுமை ஆகாது. உத்தரவின் அந்தப் பத்தி எனக்கு எரிச்சலூட்டினாலும், முழுதும் தவறென்று சொல்வதற்கில்லை.

அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் ஆலோசனை தர எனக்கு உரிமையில்லை. அங்கே பதிவுபெற்ற முகவர் ஒருவரைப் பையன் அமர்த்திக்கொண்டான். என் வேலை இங்குள்ள தாள்களைத் திரட்டுவது. மறுபரிசீலனை மனுவை விசாரிக்கும், 2024 அக்டோபரில் அங்கே தொடங்கிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம், அதிகாரி செய்த பிழையை மட்டும் தேடாமல் வழக்கைப் புதிதாகவே பரிசீலிக்கும் என்பதால் தாள்களுக்கு மதிப்பு உண்டு. காவல் நிலையத்தில் “பேசி முடிச்சுக்குங்க” என்று அனுப்பிவிட்டார்களாம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தரவில்லை. பெரியவர் கையை விரித்தபோது வேறெங்காவது மனுக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். மறுநாள் குடும்ப அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்தார்: 2022இல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவின் ரசீது. முதல் மனுவோடு இது போயிருக்க வேண்டும். எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டின் மருத்துவச் சீட்டும் அதே உறையில் இருந்தது.

அந்த மனுமீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பதிலுக்கு 30 நாள் அவகாசம். மறுபரிசீலனை மனுவுக்கோ 28 நாள்தான். எனவே மனு முதலில் போனது, தாள்கள் பிறகு போகும் என்று குறிப்பிட்டு. பதில் ஐந்தாவது வாரத்தில் வந்தது: இரு தரப்பினரும் சமாதானமாகச் சென்றதால் மனு முடிக்கப்பட்டது. சமாதானக் கடிதம் எதிலும் தாம் கையெழுத்திட்டதில்லை என்கிறார் பெரியவர். அதன் நகலைக் கேட்டு மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம். தீர்ப்பாயத்தின் விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.