கட்டுத்தரைத் தண்ணீர் எங்கே போகிறது?

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். மாடு வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பால் விலை, தவிட்டு விலை, மடிநோய், சினை நிற்காத மாடு என்று பேச்சு ஓடும். கட்டுத்தரையைக் கழுவிவிட்ட தண்ணீரும் மழையில் கரைந்து ஓடுகிற சாணியும் எங்கே போய்ச் சேருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பள்ளம் என்று நாங்கள் சொல்லும் ஓடைக்குப் போகிறது, பக்கத்துக் காட்டுக்கு, அதாவது பயிர் நிலத்துக்குப் போகிறது, சில இடங்களில் இட்டேரி என்கிற வேலியோர வண்டித்தடம் வழியாக நேராகக் கிணற்றடிக்கே போகிறது. நானும் கொங்குப் பக்கம் 10 கறவை மாடு வைத்துப் பிழைக்கிறவன், அதனால் உள்ளே இருந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

"சாணி மண்ணுக்கு எருதானே, போனால் என்ன?" என்பார்கள். காட்டுக்குள் அளவாகப் போனால் எரு. ஒரே இடத்தில் ஊறி நிலத்தடிக்குப் போனால் கதை வேறு. மூத்திரத்தில் இருக்கும் யூரியா அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆறு மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு அந்த அளவைத் தாண்டிய தண்ணீரில் பால் மாவு கலக்கிக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாய்ந்துவிடலாம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும்.

கிருமி விஷயத்துக்கு, கனடாவில் வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனமழை பெய்து, பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டு எருவிலிருந்து ஈ.கோலை கிருமி ஊர்க் குடிநீர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. குளோரினும் ஒழுங்காகப் போடப்படவில்லை. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அந்தப் பண்ணைக்காரர் முறைப்படிதான் எரு போட்டிருந்தார், அவர் மேல் தவறில்லை என்று விசாரணையே சொன்னது. ஆழமில்லாத கிணறு, மேலே மெல்லிய மண், கீழே வெடிப்பு விட்ட பாறை. படித்தபோது எனக்கு நம்ம ஊர்க் கிணறுகள்தான் கண்முன் வந்தன. இங்கேயும் பல இடங்களில் நாலடி செம்மண், அதற்குக் கீழே ஓடைக்கல், அப்புறம் வெடிப்பு விட்ட பாறை. மண் வடிகட்டும் என்று நம்பி உட்கார முடியாது.

கீழ்க்காட்டு அக்கா ஒருவர், அவர்களுக்கு மேட்டில் இருக்கும் ஒரு பண்ணையைப் பற்றிச் சொன்னார்: "ஏனுங் தம்பி, ஒரு மழை பேஞ்சா எங்க கிணத்துத் தண்ணிய ஒரு வாரத்துக்கு வாயில வெக்க முடியறதில்லீங்." சண்டைக்குப் போக அவருக்கு மனசில்லை, அங்கேதான் பால் வாங்குகிறார். ஊருக்கு ஊர் இப்படித்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு பெரிய குழி தோண்ட வேண்டும் என்பதுதான். குழியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மழைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு மாடு நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணியும் ஏறத்தாழ அதே அளவு லிட்டர் மூத்திரமும் விடும் என்று இருக்கிறது. 10 மாட்டுக்கு மூத்திரம் அதிகபட்சம் 200 லிட்டர். இப்போது 1,000 சதுர அடிக் கொட்டகைக் கூரையும் மாடுகளை அடைத்துவிடும் 2,000 சதுர அடித் திறந்த தொண்டுப்பட்டியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாயங்காலம் 5 சென்டிமீட்டர் மழை. கூரையில் விழுவது சுமார் 4,600 லிட்டர், தொண்டுப்பட்டியில் விழுவது 9,300 லிட்டர். 10 மாடும் 2 மாதம் விடும் மூத்திரத்தைவிட அதிகமான தண்ணீர் ஒரே சாயங்காலத்தில் வந்து இறங்கி, அத்தனையும் சாணித் தண்ணீராகிவிடுகிறது. மேட்டுக் காட்டிலிருந்து இறங்கி வருவதை இதில் சேர்க்கவே இல்லை.

அதனால் முதல் வேலை, நல்ல மழைத் தண்ணீரைக் கட்டுத்தரைக்குள் விடாமல் தடுப்பது. கூரை விளிம்பில் தகர வாரி அடித்து, பைப் போட்டு, தண்ணீரைத் தொட்டிக்கோ பண்ணைக்குட்டைக்கோ திருப்பிவிட்டால் மேலே சொன்ன கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடும். அந்தத் தண்ணீரில் மாடு கழுவலாம், செலவு போக லாபம். கொட்டகைக்கு மேட்டுப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பும் அதை ஒட்டி ஒரு வாய்க்காலும் எடுத்தால் மேல்காட்டுத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். பொக்லைன் ஒருமுறை வந்தால் முடிகிற வேலை. மாடு வெறுமனே நின்று மண்ணை மிதிக்கிற இடத்தையும் சுருக்க வேண்டும், பெரிய தொண்டுப்பட்டி என்றால் அவ்வளவு பெரிய சாணித் தண்ணீர்.

வாரி அடிப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு கட்டுத்தரையைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த மூலையில் உள்ளே வருகிறது, எந்த மூலையில் வெளியே போகிறது, எங்கே காப்பிக் கலரில் நுரை கட்டி நிற்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தண்ணித்தொட்டியை அவசியம் பாருங்கள். முக்கால்வாசிப் பண்ணைகளில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும், அதைச் சுற்றி மாடு மிதித்து மிதித்துக் குளம்புக் குழிகளாகி, ஒவ்வொரு குழியிலும் மூத்திரமும் சேறும் தேங்கி, கோடையில்கூடக் காயாது. அந்த இடத்திலிருந்து கிளம்புகிற சின்ன ஓடைதான் முதலில் வாய்க்காலைத் தொடும். மிதவை வால்வு ஒன்று போட்டு, தொட்டியைச் சுற்றிக் கல் பாவிவிட்டால் போதும்.

அடுத்தது, கழுவுவதற்கு முன் வழிப்பது. ஹோஸ் பைப்பைத் திறந்து சாணியைத் தள்ளுவது சுலபம்தான், ஆனால் கெட்டியாக இருந்த சரக்கைத் தண்ணீராக்குகிறோம். சாணியை வழித்து எருக்குழிக்கோ கோபர் கேஸுக்கோ கொண்டுபோய்விட்டு, மிச்சத்தை மட்டும் கழுவினால் தண்ணீர் பாதியாகும். கோபர் கேஸ் இருக்கிறது, எங்களுக்குக் கவலையில்லை என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது எரிவாயு கொடுக்கும், நாற்றத்தைக் குறைக்கும், ஆனால் உள்ளே போன தழைச்சத்தும் மணிச்சத்தும் அப்படியே கழிவுக் குழம்பில் வெளியே வரும். அந்தக் குழம்பு வாய்க்காலில் போனால் சாணி போனதற்குச் சமம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற அழுக்குத் தண்ணீரைக் காரை வாய்க்கால் வழியாக ஒரு படிவுத் தொட்டிக்கு விட வேண்டும். தொட்டியின் வெளிவாயில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பலகைகளை நிறுத்தினால் கட்டியும் வைக்கோலும் உள்ளேயே தங்கி, தண்ணீர் மட்டும் மெதுவாகக் கசியும். கசிந்த தண்ணீரைப் புல்காட்டில் பரவ விட வேண்டும். பரவ என்பது முக்கியம். ஒரே தடத்தில் ஓடினால் புல் இருந்தும் இல்லாததுபோலத்தான், தலைப்பில் மட்டம் பார்த்து ஒரு காரை விளிம்பு கட்டி அதன் மேல் வழியவிட்டால் பாய் விரித்தாற்போல் இறங்கும். கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் இந்தச் சத்தை இழுத்துக்கொண்டு தழைக்கும். வெட்டி மாட்டுக்குப் போட வேண்டும், வெட்டாமல் விட்டால் சத்து அங்கேயே தங்கிப் பிறகு கரைந்து போகும். இதையும் கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் தள்ளியே வைக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓடையிலிருந்து 300 அடிக்குள்ளும் ஏரியிலிருந்து 1,000 அடிக்குள்ளும் தடுப்பில்லாமல் சாணியைக் குவிக்கக் கூடாது என்று விதியே உண்டு. நம்மிடம் பள்ளத்துக் கரையில்தான் குப்பைமேடு இருக்கிறது.

சைலேஜ் குழியை, அதாவது பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் குழியை, விட்டுவிடாதீர்கள். ஈரமாகக் குழியில் மூடிய மக்காச்சோளத் தட்டிலிருந்து வடியும் சாறு வீட்டுச் சாக்கடையைவிட நூறு மடங்குக்கு மேல் வீரியமானது, குட்டையில் விழுந்தால் மீன் மூச்சுக்குத் தவித்து மிதக்கும். தட்டை லேசாக வாட்டிக் குழி போட்டால் சாறு குறையும். மடிநோய்ப் பாலைச் சாக்கடையில் ஊற்றுவதும் அப்படித்தான், பால் சாக்கடையைவிடப் பல மடங்கு அதிகமாகத் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். எருக்குழியில் ஊற்றுங்கள்.

கிணற்றுச் சுவர் தரைக்கு மேல் இரண்டடியாவது நிற்க வேண்டும், போர் குழாயைச் சுற்றிக் காரை மேடை வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்குப் பிறகு, தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பணம் கட்டினால் நைட்ரேட்டும் பார்ப்பார்கள், கிருமியும் பார்ப்பார்கள். மேட்டில் பண்ணை இருந்தால் கீழ்க்காட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள், அந்தக் காசைப் பண்ணைக்காரரே கட்டுவதுதான் நியாயம்.

இந்த மாதத்துக்கு அவசரம் ஒன்றுதான். புரட்டாசி முடிவதற்குள் சாணித் தொட்டியையும் படிவுத் தொட்டியையும் காலி செய்து காட்டுக்கு அடித்துவிடுங்கள். ஐப்பசியில் தொட்டி நிரம்பிய பிறகு மோட்டார் போட்டு ஊறிக் கிடக்கும் மண்ணில் விட்டால் மண் குடிக்காது, அன்று ராத்திரியே பள்ளத்தில் இருக்கும்.