கிளிமாஞ்சாரோ: இறங்கிய நாள்

உச்சியைத் தொட்ட மறுநாள் காலை, ம்வேக்கா முகாமில் எங்கள் சேலம் குழுவில் ஒருவராலும் முனகாமல் எழுந்து நிற்க முடியவில்லை. முந்தைய நாள் நள்ளிரவில் கிளம்பி 5,895 மீட்டர் உகுரு சிகரத்தில் ஏறி, அன்றே 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த முகாமுக்கு இறங்கியிருந்தோம். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும்.

புறப்படும் முன் அன்பளிப்புப் பட்டுவாடா. கிளிமாஞ்சாரோவில் இதற்கென்று ஒரு சடங்கே உண்டு. சுமைதூக்கிகள், சமையல்காரர், வழிகாட்டிகள் என்று முப்பது பேருக்கு மேல் திரண்டு நின்று பாடினார்கள், ஆடினார்கள். பணத்தை மொத்தமாகத் தலைமை வழிகாட்டியிடம் கொடுத்தால் கடைசி ஆள் வரை போய்ச் சேருமா என்ற சந்தேகம் அந்த மலையில் பழையது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வாராவாரம் கூலி எண்ணிக் கொடுத்துப் பழகிய கை. யாருக்கு எவ்வளவு என்று எல்லோர் காதிலும் விழும்படி படித்து, வழிகாட்டியை அதையே சுவாஹிலியில் சொல்ல வைத்து, உறையை அவரவர் கையிலேயே கொடுத்தார். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. தேசியப் பூங்கா வாயிலில் எடை போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கூடாரம், நாற்காலி, காஸ் சிலிண்டர் முதல் எங்கள் ரசப்பொடி டப்பா வரை எல்லாம் அவர்கள் தலையில்தான் வந்தன. அதை நினைத்தால் உறைக்குள் இருந்தது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

முகாமிலிருந்து பூங்காவை விட்டு வெளியேறும் ம்வேக்கா வாயில் வரை சுமார் 10 கிலோமீட்டர், முழுவதும் இறக்கம். ஆளுயரத்தை மிஞ்சிய ஹீதர் புதர்கள் முடிந்ததும் மழைக்காடு தொடங்குகிறது. மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்துப் படியாக்கியிருக்கிறார்கள். இரவு மழையில் அவை வழவழவென்று ஆகியிருந்தன. பயிற்சிக்காக ஏற்காட்டுக்கு நடந்தே ஏறி நடந்தே இறங்கியவர்கள் கைத்தடியை முன்னால் ஊன்றிச் சமாளித்தார்கள். ஏறிவிட்டு பஸ்ஸில் சேலம் திரும்பியவர்கள் நண்டு போல் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். எங்கள் மூட்டைகளோ எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன, தேய்ந்த செருப்புக் கால்களின் மேல்.

காட்டுக்குள் வழிகாட்டி ஒரு செடியைக் காட்டினார். விரல் நுனி அளவுக்குச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூ. பின்பக்கம் யானைத் துதிக்கையாகச் சுருண்ட ஒரு வால். நம் காசித்தும்பையின் இனம்தான், ஆனால் உலகில் கிளிமாஞ்சாரோவைத் தவிர வேறெங்கும் வளராது. அதைப் பார்க்கும் சாக்கில் எல்லோரும் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம்.

வாயிலில் பெயர் எழுதிக் கையெழுத்து, காசுக்கு பூட்ஸ் கழுவித்தரும் பையன்கள், சான்றிதழ். உச்சிக்குச் சற்று முன்னால், 5,756 மீட்டரில் இருக்கும் ஸ்டெல்லா முனையோடு திரும்பிய இருவருக்கும் அதற்குரிய தனிச் சான்றிதழ் உண்டு. வாயிலின் உயரம் சுமார் 1,640 மீட்டர். சேர்வராயன் கோவில் உச்சியே 1,620 சொச்சம்தான். “அப்படியானால் இவ்வளவு இறங்கியும் இன்னும் ஏற்காட்டுக்கு மேலேதான் நிற்கிறோமா?” என்றார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பதில் சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

மோஷி நகருக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் வாழும் ‘சாகா’ இன மக்களின் தோட்டங்கள். வாழை நிழலில் காபி. நாகலூரில் காபித்தோட்டம் வைத்திருக்கும் அக்கா வேனை நிறுத்தச் சொன்னார். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த அதே அராபிகா வகைக் காபி. நம் பக்கத்தில் சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியும், இங்கே வாழை. உச்சியில் ஒரு படத்தோடு திருப்தியடைந்தவர், இங்கே ஒரு செடி விடாமல் பார்த்தார். ஓர் இலையைத் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்தார். ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டியது. இலைத்துரு நோய்.

“மழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை போர்டோக் கலவை அடிக்கச் சொல்லுங்கள் தம்பி” என்றார் என்னிடம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அது. நான் ஆங்கிலத்தில் சொல்ல, வழிகாட்டி சுவாஹிலியில் சொல்ல, தோட்டக்கார அம்மா எங்களை உள்ளே அழைத்து இன்னும் நான்கு செடிகளைக் காட்டினார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு மோஷி போய்ச் சேரும்போது மணி நான்கு.