வெப்பத்துக்குக் காவல் உண்டு, வோல்ட்டேஜுக்கு இல்லை

செயலியை ஓவர்கிளாக் செய்யப் போவதாக, அதாவது நிறுவனம் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டப் போவதாகச் சொல்லும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை டிகிரி வரை போகலாம் என்பதுதான். எத்தனை வோல்ட் வரை போகலாம் என்று கேட்பவர்கள் குறைவு. வெப்பநிலை சட்டென்று கண்ணில் படுகிறது, விசிறியின் இரைச்சலாகக் காதிலும் விழுகிறது. மின்னழுத்தமோ (வோல்ட்டேஜ்) பயாஸ் எனும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில் ஒரு தசம எண்ணாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒரு செயலியை நான் கெடுத்துக்கொண்டது அந்தத் தசம எண்ணால்தான்.

வெப்பத்தைப் பொறுத்தவரை செயலி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். 2011இல் வந்த இன்டெல் ஐ5-2500கே-க்கு உச்ச வரம்பு 98 டிகிரி செல்சியஸ், ஏஎம்டியின் ரைசன் 5 3600-க்கு 95, இன்டெல்லின் ஐ9-13900கே-க்கு 100. இந்த வரம்பைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால் கணினியையே அணைத்துவிடும். ரைசன் 7000 வரிசையோ, கடும் பளு வரும்போது 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகவே 90 என்ற எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பதற வேண்டியதில்லை. இருந்தாலும், வேகத்தை நாமே நிலையாகப் பூட்டி ஓட்டும்போது, கடும் சோதனையில் 80 முதல் 85 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பதை நான் விதியாக வைத்திருக்கிறேன். சூடு ஏறினால், டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதும் கசியும் மின்னோட்டம் கூடுகிறது, அது மேலும் சூட்டைக் கிளப்புகிறது. 65 டிகிரியில் பிசகாமல் ஓடிய அமைப்பு 88 டிகிரியில் தடுமாறுகிறது. அதோடு, கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை வைத்திருக்க அதனால் முடியாது. மார்கழியில் 24 டிகிரி அறையில் 78 காட்டிய அதே அமைப்பு, கத்திரி வெயிலில் 36 டிகிரி அறையில் 90-ஐ ஒட்டிக் காட்டும். குளிர் நாட்டுக்காரர்கள் பதிவு செய்த சோதனை முடிவுகளை நம் ஊரில் படிக்கும்போது இந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மின்னழுத்தத்தின் கதை வேறு. செயலி செலவழிக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 4.0 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4-க்குப் போக 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால், இரண்டுமே பத்து சதவீதம்தான் கூடியிருக்கின்றன. மின்திறன் ஏறத்தாழ 33 சதவீதம் கூடிவிடுகிறது. இந்தக் கூடுதல் சூட்டை நல்ல கூலர் வாங்கிச் சமாளித்துவிடலாம். ஆனால் கூலரால் எட்ட முடியாத சேதம் ஒன்று உண்டு. டிரான்சிஸ்டரின் மெல்லிய காப்புப் படலத்தை உயர் மின்னழுத்தம் சிறிது சிறிதாக அரிக்கிறது. மிகுந்த மின்னோட்டம் நுண்கம்பிகளின் உலோக அணுக்களையே இடம்பெயரச் செய்கிறது. சூடு இந்த இரண்டையும் விரைவுபடுத்தும் என்பது உண்மை. ஆனால் 60 டிகிரியில் ஓடுகிறது என்பதற்காக 1.45 வோல்ட் பாதுகாப்பானதாகிவிடாது.

என் 2500கே-யை 4.4 கிகாஹெர்ட்ஸில், 1.30 வோல்ட்டில் பல ஆண்டுகள் ஓட்டினேன். ஒரு நாளும் அது முரண்டு பிடித்ததில்லை. அது 32 நானோமீட்டர் செயலி; இந்த எண் குறையக் குறைய டிரான்சிஸ்டர்கள் நுண்ணியவை, அவை தாங்கும் மின்னழுத்தமும் குறைவு. அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35 முதல் 1.4 வரை போகலாம் என்பதே அந்நாளில் ஓவர்கிளாக் செய்பவர்களிடையே புழங்கிய கணக்கு. அந்தப் பழக்கத்தை அப்படியே சுமந்துகொண்டு, பின்னால் வாங்கிய ஒரு 7 நானோமீட்டர் செயலிக்கு 1.38 வோல்ட்டை நிலையாகக் கொடுத்தேன். சோதனையில் 80 டிகிரியைத் தாண்டவில்லை, மகிழ்ச்சியாக இருந்தேன். எட்டாவது மாதத்தில் காணொளிகளைச் சுருக்கும்போது கணினி தானாக மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. முன்பு அசையாமல் நின்ற வேகத்துக்கு அந்த வோல்ட் போதவில்லை. இன்னும் கொடுத்தால் இன்னும் தேயும். 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தேன், பிறகு இன்னொரு 100. குற்றம் முழுக்க என்னுடையது.

இந்தப் பிழையில் பலர் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. ரைசன் 3000 வரிசையைச் சும்மா விட்டுவிட்டுப் பார்த்தால், கண்காணிப்பு மென்பொருள் சில நேரம் 1.45 வோல்ட் என்றுகூடக் காட்டும். நிறுவனமே 1.45 கொடுக்கிறதே, நான் 1.4 கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் செயலி அந்த மின்னழுத்தத்தைக் கேட்பது ஒன்றிரண்டு கோர்கள் (செயலிக்குள் உள்ள தனித்தனிக் கணிப்பு அலகுகள்) நொடிப்பொழுது வேலை செய்யும்போதுதான். அப்போது மின்னோட்டம் மிகக் குறைவு. எல்லாக் கோர்களுக்கும் பளு வந்தவுடன் அதுவே 1.3-க்கும் கீழே இறக்கிவிடும். நாம் பயாஸில் நிலையாக 1.4 என்று எழுதும்போது, அதிகபட்ச மின்னோட்டம் பாயும் நேரத்திலும் அதே மின்னழுத்தத்தைத் திணிக்கிறோம். மின்னோட்டத்தைச் சொல்லாமல் பாதுகாப்பான வோல்ட் இவ்வளவு என்று மட்டும் சொல்வதில் பொருளில்லை. சாண்டி பிரிட்ஜ் (2500கே-யின் தலைமுறை) தரவுத்தாளில் உள்ள 1.52 வோல்ட்டை ஆதாரமாகக் காட்டுபவர்களுக்கும் இதே பதில்தான்: செயலி கேட்கக்கூடிய உச்ச மின்னழுத்தம் அது, நாம் நாள் முழுவதும் கொடுத்து வைக்கலாம் என்ற அனுமதியன்று.

மதர்போர்டில், மின்னழுத்தத் தொய்வை ஈடுகட்ட, லோடு-லைன் காலிபிரேஷன் என்றொரு அமைப்பு இருக்கும். பளு ஏறும்போது மின்னழுத்தம் சற்றே தொய்வது வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு. பளு திடீரென்று விலகும்போது எகிறும் மின்னழுத்தத்துக்கு அந்தத் தொய்வு இடம் விட்டு வைக்கிறது. காலிபிரேஷனை உச்சத்தில் வைத்துத் தொய்வை அறவே நீக்கினால், அந்த எகிறல் நாம் எழுதிய எண்ணுக்கு மேலே போய் நிற்கும். நொடிக்கு ஒருமுறை அளக்கும் மென்பொருளில் மைக்ரோநொடி எகிறல் தெரியப் போவதில்லை. நடு நிலைக்கு மேல் நான் போவதில்லை.

வோல்ட்டுக்கு வேலி போடப்பட்ட வரலாறும் கவனிக்கத் தக்கது. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப்போயின. நினைவகத்தை (ராம்) வேகமாக்கும் எக்ஸ்போ அமைப்பை இயக்கும்போது மதர்போர்டுகள் எஸ்ஓசி மின்னழுத்தத்தை, அதாவது செயலிக்குள் நினைவகக் கட்டுப்பாட்டகம் போன்ற பகுதிகளுக்குப் போகும் மின்னழுத்தத்தைத் தாமாகவே உயர்த்தியிருந்தன. அதன் பிறகு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்ச வரம்பு விதித்தது. செயலியின் வேகத்தைத் தொடவே இல்லை, ராமைத்தான் வேகமாக்கினேன் என்று சொல்பவரும் எஸ்ஓசி எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. அடுத்த ஆண்டு இன்டெல் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளில், அளவுக்கு மீறிய மின்னழுத்தக் கோரிக்கைகளால் உட்சுற்று ஒன்று முன்கூட்டியே முதுமையடைவது தெரியவந்தது. 2024 ஆகஸ்ட்டில் வந்த மைக்ரோகோட் (செயலிக்குள் ஏற்றப்படும் திருத்த மென்பொருள்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட செயலிகளின் நோய்க்குறி எனக்குப் பழக்கமானதுதான்: நிலையாக ஓடத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் மேலே நகர்ந்துவிட்டது. ஏற்கெனவே தேய்ந்ததை எந்த மைக்ரோகோடாலும் திருப்பித் தர முடியவில்லை.

இப்போது நான் செய்யும் முறை மிகவும் சலிப்பானது. முதலில் மின்னழுத்தத்தை ஓர் எண்ணில் நிறுத்திக்கொள்கிறேன். 7 நானோமீட்டர் செயலியில் எல்லாக் கோர்களுக்கும் 1.25, எவ்வளவு ஆசை வந்தாலும் 1.3-க்குக் கீழே. அந்த எண்ணில் எந்த வேகம் கிடைக்கிறதோ அதை ஏற்றுக்கொள்கிறேன். விரும்பிய வேகத்தை முதலில் எழுதிவிட்டு அதற்கு வோல்ட் தேடி மேலே ஏறுவதில்லை. ஒரு மணி நேரம் பிரைம்95 என்ற கடும் பளுச் சோதனை மென்பொருளை ஓட்டி, விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் வன்பொருள் பிழை ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். திரை நீலமாகாமலேயே பிழைகள் அங்கே பதிவாகியிருப்பதுண்டு. சித்திரை பிறந்ததும் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணில் ஒரு படி இறக்கி, ஆடிக் காற்று வந்த பிறகு பழையபடி ஏற்றிக்கொள்கிறேன்.