சென்சார் நன்றாகத்தான் இருந்தது: பழைய காரில் ஒரு எர்த் வேட்டை

ஹைவேயில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை, கொஞ்ச நேரத்தில் செக் எஞ்சின் லைட். புகைப் பரிசோதனையிலும் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது.

பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிகள் இருந்த காலத்து எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) கார் இது. இப்போதைய ஓபிடி ஸ்கேனரோடு, அதாவது காரில் செருகிக் கோளாறைப் படிக்கும் கருவியோடு, பேசாது. டயக்னாஸ்டிக் கனெக்டரில் இரண்டு முனைகளை ஒயரால் இணைத்து, லைட் சிமிட்டுவதை எண்ண வேண்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, மூன்று சிமிட்டல். எரர் கோடு 13, ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) சர்க்யூட்.

பட்டறையில் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோடு காட்டுவது சர்க்யூட்டைத்தான். சென்சார், அதன் ஹீட்டர், ஒயர், கனெக்டர், எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஹைவேயில் தொல்லை இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய துப்பு. இந்தச் சென்சார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஓட்டத்தில் புகையின் சூடே போதும். ஐடிலில் உள்ளே இருக்கும் ஹீட்டர்தான் சூட்டைக் காக்க வேண்டும். சென்சார் ஆறிவிட்டால் இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதை நம்பாமல், தன் நினைவில் உள்ள அளவுக்குப் பெட்ரோலை விடும். அது கொஞ்சம் தாராளமான அளவு.

மல்டிமீட்டரை சிக்னல் ஒயரில் வைத்துப் பார்த்தேன். (இந்த ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது, இசிஎம் போய்விடும்.) ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தால் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே அழகாக ஏறி இறங்கியது. ஐடிலில் விட்டால் மெல்ல மெல்ல அசைவே நின்றுபோனது. ஆக, சென்சார் உயிரோடுதான் இருக்கிறது.

அப்புறம் ஹீட்டர். இரண்டு வெள்ளை ஒயர்களுக்கு நடுவே 6 ஓம், சரி. கனெக்டரைக் கழற்றி வண்டிப் பக்கம் அளந்தால் 12.3 வோல்ட், சரி. எர்த்துக்கு மல்டிமீட்டரின் பஸ்ஸர் (இணைப்பு இருந்தால் ஒலிப்பது) வைத்தால் கத்துகிறது, அதுவும் சரி. ஆனால் மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும், பஸ்ஸரும் கத்தும். லோடு கொடுக்காமல், அதாவது கரண்ட் ஓட விடாமல், எடுத்த ரீடிங்கை வைத்து ஒயரிங்குக்கு நற்சான்று தரவே கூடாது.

ஹீட்டர் இருக்கும் இடத்தில் 21 வாட் பிரேக் லைட் பல்பை மாட்டினேன். அதுவும் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கலாகச் சிவந்ததோடு சரி. பல்பு எரியும்போதே பேட்டரி மைனஸுக்கும் கனெக்டரின் எர்த் பின்னுக்கும் நடுவே அளந்தேன்: 5.8 வோல்ட்! நல்ல எர்த்தில் இந்த வோல்ட் இழப்பு 0.1ஐத் தாண்டக் கூடாது. பிளஸ் பக்கம் வெறும் 0.2 இழப்புதான்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் எஞ்சின் போல்ட்டில் மாட்டிய லக்கில் (ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) முடிந்தது. வெளியே சுத்தமாகத் தெரிந்தது. ஸ்லீவை உரித்தால் செம்பு முழுக்கப் பச்சை, நாலைந்து இழைதான் மிச்சம். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, ஒயரை நீட்டி, புது லக்கை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கியபின் வாசலின் தடவினேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது, இழப்பு 0.04 வோல்ட்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி எரர் கோடு 13ஐ அழித்தாயிற்று. ஐடிலில் விட்டாலும் சிக்னல் இப்போது ஓயாமல் அசைகிறது. மறுபரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம். சென்சார் பழையதேதான். சைலன்சர் பைப்புக்கு அருகில் போகும் ஒயர்கள் விறைத்துப் போயிருக்கின்றன. அடுத்து அவற்றுக்கு வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போட வேண்டும்.