மார்கழி வீதி பஜனை: குடியிருப்புக்குள் நடந்தபடி பாடிப் பார்த்ததில் தெரிந்தவை

மார்கழியில் விடியுமுன் பாடிக்கொண்டே தெருவைச் சுற்றி வருவது மயிலாப்பூருக்குப் பழகிய விஷயம். கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனையின் பேச்சு இன்றைக்கும் அங்கே அடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் திருவெம்பாவைக் காலத்தின் பத்து நாளும் சங்கும் சேமக்கலம் என்னும் தட்டு மணியுமாக ஊரை எழுப்பிக்கொண்டு போவார்கள். சென்னைப் புறநகரில் ஆறு பிளாக், நாலு உள்தெரு, ஒரு பிள்ளையார் கோயில் என்று இருக்கும் குடியிருப்பில் அதையே செய்யும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. தெரு குறுகல், இரண்டு பக்கமும் மாடிச் சுவர், வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டுக் கற்காதவர்கள். இந்த மார்கழியில் எது சரியாக வந்தது, எதை மாற்ற வேண்டியிருந்தது என்பதை அடுத்த வருஷம் தொடங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறோம்.

முதலில் தூரம். உள்தெருக்கள் நாலையும் ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 850 மீட்டர். தாளத்துக்கு அடி வைத்து நடந்தால் நிமிஷத்துக்கு 72 அடி, அடிக்கு அரை மீட்டர் என்று நிமிஷத்துக்கு 36 மீட்டர்தான் நகரும். நடைக்கு 24 நிமிஷம், ஐந்து இடத்தில் மூன்று மூன்று நிமிஷம் நிற்பதற்கு 15. மொத்தம் 40 நிமிஷத்துக்குள் முடிகிறது. 5:20க்குக் கோயில் வாசலில் கூடி 5:30க்குப் புறப்பட்டால் 6:10க்குத் திரும்பிவிடலாம். சென்னையில் மார்கழித் தொடக்கத்தில் சூரியன் எழ 6:20 ஆகும், மாதக் கடைசியில் 6:30 தாண்டும். முக்கால்வாசி நேரம் இருட்டில்தான் நடக்கிறோம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாதை வைத்தால் கடைசித் தெருவில் யாருக்கும் தொண்டை இருக்காது.

இனி வரிசை. பாட்டு நன்றாக இருப்பதும் கெடுவதும் பெரும்பாலும் குரலால் இல்லை, வரிசையின் நீளத்தால்தான். முதல் வாரம் இரண்டிரண்டு பேராக நடந்தோம். இருபத்தைந்து பேர் என்றால் வரிசை 20 மீட்டரைத் தாண்டும், பின்னால் வருகிறவர்கள் பேசிக்கொண்டே இடைவெளி விட்டால் 30 ஆகிவிடும். ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 345 மீட்டர் போகிறது. ஆக, முன்னால் போடும் ஜால்ரா கடைசி ஆளின் காதுக்கு வர 0.09 வினாடி. அவர் அதைக் கேட்டுப் பாடுவது மறுபடி முன்னால் வர இன்னொரு 0.09. நிமிஷத்துக்கு 72 அடி என்ற வேகத்தில் அரைத் தட்டு என்பது 0.42 வினாடிதான், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்வரிசை பின்தங்கிக் கேட்கிறது. முன்னால் இருப்பவர் ‘இழுக்கிறார்களே’ என்று வேகம் கூட்டுவார். பின்னால் இருப்பவர் ‘ஓடுகிறார்களே’ என்று குரலை உயர்த்துவார். முதல் தெருத் திருப்பத்தை எட்டுவதற்குள் இரண்டு கோஷ்டி இரண்டு பாட்டுப் பாடுவதுபோல் ஆகிவிடும். மாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்தால் ஜால்ரா போடுகிறவருக்கே எது தன் தட்டு என்று தெரியாது.

இதற்குச் செய்தது இரண்டு மாற்றம். நான்கு நான்கு பேராக நடந்து வரிசையை 10 மீட்டருக்குள் அடக்கினோம். தாளத்தை முன்னாலிருந்து எடுத்து நடு வரிசைக்குக் கொண்டுவந்தோம். ஜால்ரா ஒரே ஒரு ஜோடி, நடுவில், டோலக்குக்குப் பக்கத்தில். இப்போது யாருக்கும் தாளம் ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. ஆசையாக வீட்டிலிருந்து ஜால்ரா கொண்டுவருகிறவர்களிடம் நின்று பாடும் இடத்தில் மட்டும் போடச் சொல்லிவிட வேண்டும். மூன்று ஜோடி சேர்ந்தால் நடையில் எந்தப் பாட்டும் நிற்காது. திருப்பத்தில் உள்பக்கம் நடப்பவர் அடியைச் சுருக்க, வெளிப்பக்கம் நடப்பவர் நீட்ட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முனையிலும் வரிசை நீண்டுவிடும்.

வேகம் ஓடுவது இன்னொரு நோய். குளிருக்குக் கால் தானாக வேகம் பிடிக்கும், தாளம் காலோடு போகும். தெருமுனைதோறும் நாமாவளியை முடித்துவிட்டு அடுத்ததைப் புதிதாக, வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக எடுத்தால் சமனாகிறது. நடக்கும்போது எட்டுத் தட்டு ஆதி தாளமும், தட்டுக்கு மூன்றாக வரும் திஸ்ர நடை நாமாவளிகளும்தான் சரிவரும். மிஸ்ர சாபு, கண்ட சாபு இரண்டும் ஏழும் ஐந்துமாக வருவதால் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) ஒருமுறை வலது காலில் விழும், அடுத்தமுறை இடது காலில். நடை தடுமாறி, தாளமும் தடுமாறும். அந்தப் பாட்டுகளை நிற்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அன்றன்றைய பாசுரமும் அப்படியே, நின்றுதான். திருப்பாவை முப்பதும் நாளுக்கு ஒன்று. சிவபெருமான் மேல் பாட்டு வேண்டும் என்பவர்களுக்குத் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் முப்பது. கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டில் முதல் ஐந்து பாசுரமும் கன பஞ்சக ராகங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. நாட்டையும் ஆரபியும் கூட்டமாகப் பாட எளிது. நாலாம் நாள் வராளி வரும்போது காந்தாரமும் மத்தியமமும் (க, ம ஸ்வரங்கள்) ஆளுக்கு ஓரிடத்தில் நிற்கும். அன்று பாடத் தெரிந்த ஒருவர் தனியாகப் பாடுவதும், மற்றவர்கள் கடைசி ‘ஏலோரெம்பாவாய்’க்கு மட்டும் சேர்வதும் கேட்க நன்றாக இருந்தது.

நடந்துகொண்டே பாடும்போது மூச்சு பாதிதான் கிடைக்கும். அதனால் நடைக்கு, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிச் சொல்லும் நாமாவளிதான் பொருத்தம். கூட்டம் சொல்லும் நேரத்தில் முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். அரைத் தெருவுக்கு ஒருவர் என்று ஆளை மாற்றினால் யாருக்கும் தொண்டை கட்டாது.

சுருதி, அதாவது பாட்டின் ஆதார ஸ்வரத்தின் உயரம், வைப்பதில் நிறைய யோசனை தேவை. அதைக் கட்டை எண்ணால் சொல்வார்கள். பெண்களுக்குச் சௌகரியமான ஐந்து கட்டையில் ஆண்கள் கீழ் ஸ்தாயியில் முனகுவார்கள், அல்லது மேல் ஸ்தாயியில் கத்துவார்கள். ஆண்களின் ஒரு கட்டையில் பெண்களுக்கு மேல் ஷட்ஜம் (மேல் ஸ) அந்தக் காலை வேளைக்கு உயரம். ஆறு கட்டையில் ஆண்கள் கீழேயும் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலேயும் பாடியதுதான் இரு சாராருக்கும் ஒத்துவந்தது. ஒரு நிபந்தனை, மந்தர பஞ்சமம் (கீழ் ப) வரை இறங்கும் பாட்டு வேண்டாம். திறந்தவெளியில் கீழ் ஸ்வரம் காணாமல் போய்விடும், ஆண்களுக்கு எட்டவும் எட்டாது.

தோளில் பட்டை போட்டுத் தொங்கவிடும் ஆர்மோனியத்தைச் சுற்று முழுக்கச் சுமப்பது கஷ்டம். கைபேசியில் சுருதிச் செயலி, உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர், இரண்டும் போதும். ஸ்பீக்கரை முன்வரிசையில் ஒருவர் முதுகுப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கேட்க வேண்டியவர்கள் பின்னால் இருக்கிறார்கள். கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, பிறகு புளூடூத்தை மட்டும் திறக்கவும். இல்லாவிட்டால் யாரோ ஒரு கார் டிரைவர் அழைக்கும்போது சுருதி நின்றுபோகும்.

தோல் வாத்தியங்களுக்குப் பனி ஆகாது. மிருதங்கம் நடைக்குக் கனம், ஈரத்தில் வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) சுருதியும் இறங்கிவிடும். கஞ்சிராவுக்கு வழக்கமாகத் தண்ணீர் தடவுவார்கள். மார்கழி அதிகாலையில் தடவவே வேண்டாம், பத்து நிமிஷத்தில் தானே தொளதொளத்துவிடும். செயற்கைத் தோல் போட்ட கஞ்சிராவோ, முறுக்கி இறுக்கும் போல்ட் வைத்த டோலக்கோ இருந்தால் கவலை இல்லை. புறப்படுமுன் வீட்டுக்குள்ளே சுருதி சேர்க்காமல் வெளியே கால் மணி நேரம் வைத்துவிட்டுச் சேர்க்கவும்.

அடுத்து அண்டை வீட்டார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆகவே மைக் என்ற பேச்சே வேண்டாம், சுருதி ஸ்பீக்கரும் வரிசைக்குள் மட்டும் கேட்டால் போதும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். இருபது பேர் வாய்விட்டுப் பாடினாலே அதைத் தாண்டிவிடும். அதனால் சங்கச் செயலாளரின் அனுமதி ஒரு பக்கம் இருக்க, வீடு வீடாகக் கேட்பதுதான் முறை. கார்த்திகைக் கடைசி வாரத்தில் கேட்டோம். கைக்குழந்தை இருக்கும் வீடு, இரவு வேலை முடித்து நாலு மணிக்குப் படுப்பவர்கள், உடம்பு முடியாதவர்கள், டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று பட்டியல் எடுத்து, அந்த வாசல்களுக்கு முன்னும் பின்னும் 15 மீட்டர் பாட்டையும் தாளத்தையும் நிறுத்தி நடந்தோம். வரிசைக்கு முன்னால் போகிறவர் கையில் டார்ச். அதை ஒருமுறை தாழ்த்தினால் மௌனம், உயர்த்தினால் பாட்டு. வாய்ச்சொல் வேண்டாம். ஒரு வீட்டுப் பெரியவர், “நிறுத்த வேண்டாம்மா, மெதுவா பாடிட்டுப் போங்கோ, குழந்தைக்கும் காதுல விழட்டும்” என்று பிறகு சொன்னார். அந்த வாசலைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். கேட்காமல் எடுக்கக் கூடாது.

5:30க்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்து, தெருவில் பாதிவரை இழுத்திருப்பார்கள். நான்கு பேர் அகலத்துக்கு வழி இல்லாத இடத்தில் இரண்டாகச் சுருங்கி, தாண்டியதும் விரிய வேண்டும். அந்த இடங்களில் பாட்டைக் கூட்டத்தின் சத்தத்தில் விடாமல் முன்பாட்டுக்காரர் மட்டும் பாடுவது நல்லது, வரிசை நீண்டாலும் தாளம் சிதறாது. கோலம் போடுகிறவர்கள் பலர் நிமிராமலே நாமாவளியைத் திருப்பிச் சொல்வார்கள். இந்தச் சுற்றின் இனிமையான இடம் அதுதான்.

செருப்பில்லாமல் நடப்பது வழக்கம். சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கட்டாயமாகச் செருப்புப் போடச் சொல்லவும், இருட்டில் கண்ணாடிச் சில்லு தெரியாது. ஹவாய் செருப்பு வேண்டாம், அதன் பட்பட் சத்தம் தாளத்துக்குக் குறுக்கே விழும். வார் வைத்த ரப்பர் செருப்பு சத்தமில்லாதது. வரிசையின் கடைசி ஆளுக்கு இன்னொரு டார்ச் வேண்டும். பால் வண்டியும் பேப்பர் பையனும் பின்னாலிருந்துதான் வருவார்கள்.

பிரசாதம்: ஒரு கிலோ பச்சரிசி, 400 கிராம் பாசிப்பருப்பு, தண்ணீர் ஐந்தரை லிட்டர், நெய் கால் கிலோ, மிளகு சீரகம் 20 கிராம் வீதம், இஞ்சி 50, முந்திரி 100. சின்னத் தொன்னையில் 40 பேருக்கு வரும். வெண்பொங்கல் அரை மணியில் இறுகும், அதனால் இறக்கும்போது கண்ணுக்குக் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும், கொதிநீர் ஒரு லிட்டர் பிளாஸ்கில் கூடவே வரட்டும். ‘கூடாரை வெல்லும்’ பாசுரம் வரும் கூடாரை நாளான 27 அன்று மட்டும், பாலில் வேகும் சர்க்கரைப் பொங்கலான அக்காரவடிசில். அது சுண்டப் பொறுமை வேண்டும், மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் ஆகும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர்வரை நிற்பதால் மழை நாளுக்கு மாற்று வழி வேண்டும். கார் நிறுத்தும் தளத்துக்குள் சுற்றினால் எதிரொலி சகிக்காது. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பாடிவிடுவது மேல்.

மார்கழி பெரும்பாலும் 29 நாள்தான். அந்த வருஷங்களில் கடைசி நாளில் இரண்டு பாசுரம் பாட வேண்டும். அன்றுதான் போகி. பழைய பாயும் டயரும் எரிந்து தெருவில் புகை தரையோடு நிற்கும், ஆழ்ந்து மூச்சு இழுத்துப் பாடுகிறவர்களுக்கு அது நேரே நெஞ்சுக்குள் போகும். அன்று சுற்றைக் கோயில் தெருவோடு சுருக்கி, 29, 30 இரண்டையும் கோயில் வாசலிலேயே பாடி, மங்களமும் அங்கேயே முடித்துவிடலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முந்தைய நாளே சொல்லிவிடவும்.