182 மாத்திரைகள்

ஜூன் 2, 2025

அப்பாவின் சளியில் டிபி கிருமி. அதே அறையில் படுக்கும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, எடை 9 கிலோ. பிறந்ததும் போட்ட பிசிஜி தடுப்பூசியின் தழும்பு தோளில் இருக்கிறது. அதை நம்பி விட்டுவிட முடியாது. மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளை அது ஓரளவு தடுக்கும், அவ்வளவுதான். ஐந்து வயதுக்குள் என்றால் தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எதற்கும் காத்திருக்க வேண்டாம். நோய் இல்லை என்று தெரிந்தால் ஐசோனியாசிட் என்ற தடுப்பு மாத்திரை தொடங்கலாம்.

அங்கேதான் அவசரம் கூடாது. இருமல், காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டி, எடை ஏறாமை, ஓடியாடாமல் சுருண்டு கிடப்பது. ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே, விடியற்காலை வெறும் வயிற்றில் எடுத்த இரைப்பை நீரில் பரிசோதனை. உள்ளே நோய் இருக்கும்போது ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் போய்விடும். "நல்லாத்தான் இருக்கா" என்பார்கள். அங்கன்வாடி எடை அட்டையையும் வாங்கிப் பார்க்க வேண்டும். மூன்று மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால் அதுவும் அறிகுறிதான். இந்த அட்டையில் கோடு ஏறுகிறது.

ஜூன் 3

அப்பாவின் ரிப்போர்ட்: அவருடைய கிருமிக்கு ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டு மருந்தும் கேட்கும். இதைப் பார்க்காமல் குழந்தைக்கு எழுதக் கூடாது. ஐசோனியாசிட் கேட்காது என்றால் ரிஃபாம்பிசின் 4 மாதம். இரண்டுமே கேட்காது என்றால் லெவோஃப்ளாக்சசின் 6 மாதம். 2024-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஐசோனியாசிட் கிலோவுக்கு 10 மி.கி. என்றால் 90. 100 மி.கி. மாத்திரை ஒன்று கொடுத்தால் கிலோவுக்கு 11 வரும். 7 முதல் 15 வரை சரி. தினம் ஒன்று, 182 நாள். கடைசி நாள் டிசம்பர் 1.

இரண்டு ஸ்பூனுக்கு நடுவே வைத்து நசுக்கி, ஒரு ஸ்பூன் ஆறிய தண்ணீரில் கலக்கி, பாலாடையில் கன்னத்தோரமாக விட வேண்டும். அடியில் தங்கும் தூளை இன்னும் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுக்க வேண்டும். மருந்து அங்கேதான் வீணாகிறது. பால் பாட்டிலில் கலந்தால் மிச்சப் பாலோடு மருந்தும் மிஞ்சும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று.

ஜூன் 5

"குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?" எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. அப்பா மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருந்த வாரங்களிலேயே பெரும்பாலும் தொற்று நடந்து முடிந்திருக்கும். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் பார்த்தது: வீட்டிலேயே மருந்து எடுத்தவர்களின் குடும்பத்துக்கும் சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் இருந்தவர்களின் குடும்பத்துக்கும் நோய் வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. அனுப்பினால் மாத்திரைதான் விட்டுப்போகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், முதல் சில வாரம் அப்பா மாஸ்க் போட்டு வேறிடத்தில் படுக்கட்டும்.

இன்னொன்று: அப்பாவின் மாத்திரை அட்டையும் குழந்தையின் மாத்திரை அட்டையும் ஒரே டப்பாவில் கிடந்தன. அவருடையதில் நான்கு மருந்து சேர்ந்திருக்கிறது. அதில் கிள்ளிக் கொடுப்பது ஆபத்து. ஐசோனியாசிட் அளவு மீறினால் வலிப்பு வரும். டப்பா தனித்தனி, இரண்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.

ஆகஸ்ட் 18

ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனதில் 9 நாள் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் என்பதால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இரட்டை மாத்திரையும் வேண்டாம். விட்ட 9 நாளைக் கடைசியில் சேர்த்தால் டிசம்பர் 10. விளையாடித் திரியும் குழந்தைக்கு எதற்கு மாத்திரை என்று மூன்றாம் மாதத்தில்தான் தோன்றும். அந்த மாதம் கூடுதலாக ஒருமுறை போய் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

அக்டோபர் 7

10.2 கிலோ. மாத்திரை அதே ஒன்றுதான். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து வருவது, விடாத வாந்தி, சோறு வேண்டாம் என்று சோர்ந்து படுப்பது: அன்றே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு. குழந்தைகளுக்கு அபூர்வம்தான்.

டிசம்பர் 10

182-வது மாத்திரை. இனி இரண்டு ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருமல், காய்ச்சல், எடை பார்க்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது டிபி வந்தால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அடுத்த எடை ஜூன் 10.