மெழுகுக் கப்பல்களும் நம் பௌதிக சாரும்

வில்லியம் ஃப்ரூட் என்ற பெயரை நம் பள்ளியில் படித்தவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. கப்பல் வடிவமைப்பில் இருக்கும் எங்களுக்கு, கப்பலின் வேகத்தை அதன் நீளத்தோடு இணைத்துச் சொல்லும் ஓர் எண்ணே அவர் பெயரில் உண்டு. அந்த எண்ணைப் போட்டுப் பார்க்காமல் எங்கள் வேலை நகராது. நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் பள்ளி நாட்களைப் பற்றி எழுதச் சொன்னதும், இந்த இங்கிலாந்துக்காரரும் நம் பௌதிக சாரும் சேர்ந்தேதான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். இருவரையும் பிரித்து எழுத எனக்கு வராது.

எண்பதுகளில் ராயபுரத்தில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு சாரைத் தெரிந்திருக்கும். சனிக்கிழமைகளில் விருப்பமுள்ள பையன்களைக் கூட்டிக்கொண்டு கல்மண்டபம் வழியாக நடந்தே காசிமேட்டுக்குப் போவார். ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், மீன் கூடைகள் எல்லாவற்றையும் தாண்டி அலைதடுப்புக் கற்கள் வரை போய்விடுவோம். லாஞ்சு ஒன்று துறைமுகத்தை விட்டு வெளியே கிளம்பும்போது, “படகைப் பாக்காதீங்கடா. அது பின்னால விட்டுட்டுப் போற அலையைப் பாருங்க. அந்த அலைய உண்டாக்க யார் காசு குடுத்தது? டீசல் ஊத்தினவர்தானே?” என்பார். அதற்குப் பிறகு எந்தப் படகைப் பார்த்தாலும் முதலில் என் கண் அதன் அலைக்குத்தான் போகிறது.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு நீளமான சிமெண்ட் தொட்டி இருந்தது. வெயில் காலத்தில் அது காய்ந்து கிடக்கும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், படகு விடத் தொட்டியை நிரப்பச் சொல்லிக் கேட்க முடியுமா? ஐப்பசி மழை வரும்வரை சார் காத்திருப்பார். அப்புறம் ஆரம்பிக்கும் எங்கள் கச்சேரி. என் வகுப்பு நண்பனின் அப்பா படகு கட்டும் ஓடாவி. அவர் இழைத்துக் கொடுத்த இரண்டு மரப் படகுகள் ஒரே எடை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. படகில் நூலைக் கட்டி, தொட்டியின் மறு விளிம்பில் கப்பி வைத்து, நூல் முனையில் இரும்பு வாஷர்களைத் தொங்கவிடுவோம். வாஷர் கீழே இறங்க இறங்கப் படகு ஓடும். கொஞ்சம் வாஷர் போட்டால் குட்டைப் படகு முந்தும். நிறையப் போட்டால் நெட்டை முந்திக்கொண்டு போய்விடும், குட்டை தன் முன்னால் எழுப்பிய அலையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். “எது நல்ல படகு?” என்று கேட்பார் சார். “எவ்வளவு வேகத்துல சார்?” என்று நாங்கள் திருப்பிக் கேட்கும்வரை விடமாட்டார்.

இதையே 1867இல் டெவன் மாவட்டத்தின் டார்ட் ஆற்றில் ஃப்ரூட் செய்திருக்கிறார் என்பது, பல வருடங்கள் கழித்து இங்கே பிரிட்டனுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைக் கப்பல் வடிவமைப்பாளர் கழகம் 1955இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. நான் வேலை பார்த்த இடத்தின் நூலகத்தில் அது இருந்தது. 3, 6, 12 அடி நீளத்தில் இரண்டு வடிவங்கள். கூரிய முனை உள்ளதற்குக் காக்கை என்றும், உருண்டு திரண்டதற்கு அன்னம் என்றும் பெயர் வைத்திருக்கிறார். நீராவிப் படகிலிருந்து இரண்டையும் பக்கம் பக்கமாக இழுத்துப் பார்த்ததில், சில வேகங்களில் காக்கைக்கு இழுவை குறைவு, அதற்கு மேலே போனால் அன்னத்துக்குக் குறைவு. எல்லா வேகத்துக்கும் சிறந்த வடிவம் என்று ஒன்று கிடையாது என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சார் இதைப் படித்திருந்தாரா, தானே யோசித்துச் செய்தாரா என்று கேட்க அப்போது அவர் உயிரோடு இல்லை.

ஃப்ரூட் முதலில் ரயில்வே பொறியாளர், அந்தக் காலத்தின் பெயர்பெற்ற பொறியாளரான புருனெலிடம் வேலை பார்த்தவர். கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பல் கடலில் எப்படி உருளும் என்று பார்த்துச் சொல்லும்படி புருனெல் கேட்கப்போய்த்தான் கப்பல் பக்கம் திரும்பினார். 1861இல் வந்த கட்டுரை அதைப் பற்றியது. கப்பலுக்கென்று ஓர் ஆட்டக் காலம், அதாவது ஒரு முறை இப்படியும் அப்படியும் உருள எடுக்கும் நேரம், உண்டு. அலை வரும் கால இடைவெளியும் அதுவும் ஒத்துப்போனால், நேரம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சல் மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனால் அவருடைய பெரிய காரியம் மாதிரிக் கப்பல்தான். சின்னப் பொம்மையை இழுத்துப் பெரிய கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று அந்தக் காலத்துப் பெரிய நிபுணர்களே நம்பினார்கள். ஃப்ரூட் தண்ணீரின் தடையை இரண்டாகப் பிரித்தார். கப்பலின் உடம்பில் நீர் உரசுவது ஒன்று, அலை எழுப்பச் செலவாவது இன்னொன்று. அலைக்கு அளவு விதி உண்டு: வேகம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறினால் அலைக்கோலம் அச்சு அசலாக அப்படியே வரும். பதினாறில் ஒரு பங்கு மாதிரியை நாலில் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால் போதும். அதன் அலைத் தடையை 4096ஆல் (16 × 16 × 16) பெருக்கினால் கப்பலின் அலைத் தடை. உரசல் மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. அதனால் மெல்லிய பலகைகளை 50 அடி நீளம் வரை செய்து, வார்னிஷ், துணி, மணல் என்று விதவிதமாக மேலே பூசியும் ஒட்டியும் இழுத்து அளந்தார். மாதிரியின் மொத்தத் தடையிலிருந்து உரசலைக் கழித்து, மீதியைப் பெருக்கி, கப்பலின் உரசலைக் கூட்ட வேண்டும். இன்றைக்குக் கணினி வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

இந்தச் சோதனைகளுக்கு பிரிட்டிஷ் கடற்படை 2000 பவுண்டு கொடுத்தது. டார்க்கி ஊரில் தன் வீட்டருகே 278 அடி நீளத் தொட்டி கட்டி, 1872இல் சோதனையைத் தொடங்கினார். மாதிரிகளைப் பாரஃபின் மெழுகில் வார்த்தார். மெழுகு தண்ணீரில் ஊறாது, சுலபமாகச் செதுக்கலாம், வேலை முடிந்தால் உருக்கி அடுத்ததை வார்க்கலாம். சிக்கனம் தெரிந்த மனிதர்.

எனக்கு மிகவும் பிடித்தது கிரேஹவுண்ட் என்ற கடற்படைக் கப்பலைப் பற்றி 1874இல் வந்த கட்டுரை. அந்த நிஜக் கப்பலை இன்னொரு கடற்படைக் கப்பலால் இழுக்கவைத்து, கயிற்றின் இழுவையை அளந்து, மாதிரி சொன்னதோடு ஒப்பிட்டார். இழுக்கும் கப்பல் கலக்கிவிட்ட நீரில் மாட்டக் கூடாதென்று பக்கவாட்டில் நீட்டிய மரத்திலிருந்து கயிறு கட்டியிருக்கிறார். கணக்கு நன்றாகவே ஒத்துப்போனது, ஆனால் முழுக்க இல்லை. நிஜக் கப்பலின் தடை கொஞ்சம் அதிகம். அந்த வித்தியாசத்தை அவர் மறைக்கவில்லை. கப்பலின் செப்புத் தகட்டு மேனி வழவழப்பாக இல்லாமல் போனதே காரணம் என்று எடுத்துக்கொண்டு, தன் பலகைச் சோதனை எண்களை வைத்து எந்த அளவு சொரசொரப்பு இருந்தால் கணக்கு சரியாக வரும் என்பதையும் எழுதினார். ஒத்துவராத பகுதியையும் அச்சில் வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அங்கிருந்து மேலே போக முடிந்தது.

காசிமேட்டில் படகை மேலே ஏற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பெயிண்ட் அடிப்பார்களே, அதற்கும் காரணம் இந்தச் சொரசொரப்புதான். நண்பனின் அப்பா படகின் அடியைக் கையால் தடவிப் பார்த்தே, “இது டீசல் குடிக்கும்” என்று சொல்லிவிடுவார்.

ஃப்ரூட் 1879இல் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ்டவுனில் காலமானார். அவர் மகன் வேலையைத் தொடர்ந்தார். கிளாஸ்கோவுக்கு அருகே டம்பார்ட்டனில் டென்னி என்ற கப்பல் கட்டும் நிறுவனம் அவர் வழியில் கட்டிய தொட்டி இன்றும் அருங்காட்சியகமாகத் தண்ணீரோடு இருக்கிறது. மெழுகு மாதிரிகளையும் காட்டுகிறார்கள். சங்கத்தின் கோடைச் சந்திப்பை ஒரு வருடம் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கப்பி, நூல், வாஷர் எல்லாம் நான் கொண்டு வருகிறேன்.